ஊறாத கரி

தம்பி ஊரைவிட்டுப் போன அன்று காலையில் பனி இறங்கியிருந்தது. வழியனுப்பப் போக முடியாமல் அவள் தீத்தொட்டியின் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

மர அறுவை மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதன் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. கீழே குறுகி மேலே விரிந்து, பெரிய புனல் ஒன்றைத் தரையில் நட்டு வைத்ததுபோல் இருக்கும். அதில்தான் அவள் வயலுக்கான கரி சுடுகிறாள். மரச்சிராய், சோளத்தட்டை, தோட்டங்களில் கழித்த கிளைகள் என்று எது வந்தாலும் ஓர் அடுக்கு போட்டு மேலிருந்து தீ வைக்க வேண்டும். தீ தணிந்து மேலே சாம்பல் பூக்கத் தொடங்கும் நேரம் பார்த்து அடுத்த அடுக்கு. கொஞ்சம் முந்தினால் புகை, கொஞ்சம் பிந்தினால் சாம்பல். தொட்டி நிறையும்வரை இந்தக் காவல் ஓயாது. நிறைந்ததும் தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட வேண்டும். இடையில் ஆள் நகர்ந்தால் போட்டதெல்லாம் போச்சு.

"கைக்குழந்தையைக்கூடத் தூங்க வச்சுட்டுக் கடைக்குப் போயிடலாம், இந்தச் சனியனை விட்டுட்டு ஒண்ணுக்குப் போக முடியல" என்பாள் சல்லடை.

சல்லடை என்பது அவளோடு வேலை செய்பவளின் பட்டப்பெயர். கரியைச் சலிப்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். வாயில் எதுவும் தங்காததால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். தொட்டிக்காரிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: கரியக்கா. பெரியவர்களும் அக்கா என்றார்கள், சின்னவர்களும் அக்கா என்றார்கள். உண்மையிலேயே அவளுக்குத் தம்பியாக இருந்தவன் ஒருவன்தான். அவன்தான் அன்று தோளில் பையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

பனியும் மில்லின் மரத்தூளும் சேர்ந்து காற்றே வெள்ளையாக இருந்தது. அதற்குள் அவன் பாதி தெரிந்தான், பாதி தெரியவில்லை.

"பஸ் எப்போ?"

"இப்பதான்."

"டீ குடிச்சியா?"

"ம்."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தீயைப் பார்த்தபடி, "சாம்பல் பூக்குது பாரு" என்றான்.

அவள் திரும்பினாள். ஆமாம், தணலின் மேல் வெள்ளை படர ஆரம்பித்திருந்தது. கைநிறைய அள்ளி ஓர் அடுக்கைப் பரப்பினாள். பொறி பறந்து அடங்கியது. அவள் மறுபடி திரும்பியபோது வாசலில் பனி மட்டும் இருந்தது.

கிளம்புகிறவன் 'வரேன்' என்று சொன்னானா இல்லையா என்பது அதற்குப் பிறகு அவளை அரித்துக்கொண்டே இருந்தது. முதுகு திரும்பியிருந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம், தட்டை வெடிக்கிற சத்தத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம். அன்று சல்லடையும் அங்கேதான் இருந்தாள். மாதங்கள் கழிந்து ஒருநாள், அவளாகவே, "அன்னிக்கு உன் தம்பி வரேன்னு சொல்லிட்டுத்தான் போனான், நான் கேட்டேன்" என்றாள். கரியக்கா சிரித்துவிட்டாள். காலையில் கேட்டதை மத்தியானம்வரை வைத்திருக்கத் தெரியாதவள் இதை இத்தனை மாதம் வயிற்றில் வைத்திருந்தாளாம். ஆனாலும் அந்தப் பொய்யை அவள் மறுக்கவில்லை. பொய்தான் என்றாலும் கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

*

அவன் போனதற்குக் காரணம் அவள்தான். இதை யாரும் அவளிடம் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்கே தெரியும்.

அப்பா போன பிறகு வீடு அவளுக்கு, வாய்க்கால் ஓரத்து நிலம் தம்பிக்கு என்று பேச்சில்லாமல் பிரிந்தது. தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் வீட்டிலேயே பின்னறையில் இருந்துகொண்டு தக்காளி போட்டான். அவளுடைய புருஷன் தண்ணீர் லாரி டிரைவர். லாரியில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து கரி அணைக்கத் தருவார். "ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துறேன், என் வீட்டுக்காரி மட்டும் தினமும் தீ வைக்கிறா" என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைப்பார். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் அந்த வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சம் இருக்காது.

கரி சுடும் வேலை அவளுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். மில்லில் கழிவைக் கூட்டி வெளியே போட்டுக் கொளுத்துவது அவள் வேலையாக இருந்தது. புகை தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். விவசாய ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து, கொளுத்துவதற்குப் பதிலாகக் கரியாக்கலாம், கரியை உரமாக்கலாம் என்று செய்து காட்டினாள். போனில் ஒரு படமும் காட்டினாள். ஒரு கரித்துண்டைப் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தது. கரியக்கா அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கறுப்புக் கல் என்று நினைத்ததற்குள் அறை அறையாக இருந்தது. அறைக்குப் பக்கத்தில் அறை, அதற்குப் பின்னால் இன்னோர் அறை, எல்லாம் கதவில்லாத காலி அறைகள்.

"பெரிய ஊரையே கட்டிட்டு யாரும் குடிவராம விட்ட மாதிரி இருக்கே" என்றாள்.

"அதேதான்க்கா" என்றாள் ஆபீஸ்காரப் பெண். "நீங்கதான் குடி வைக்கணும்."

அந்தக் குடிவைப்புதான் வேலையின் பாதி. அணைத்த கரியை இடித்துச் சலித்து, சாணிக் கரைசலும் மாட்டு மூத்திரமும் மட்கு ஊறிய தண்ணீரும் கலந்த தொட்டியில் வாரக் கணக்கில் ஊற வைக்க வேண்டும். அறைகளில் சத்து ஏறி உட்காரும். பிறகு களிமண்ணும் கஞ்சியும் சேர்த்துப் பிசைந்து, முன்பு கோழித்தீவனம் பிழிந்துகொண்டிருந்த பழைய இயந்திரத்தில் கொடுத்தால் குருணை குருணையாக விழும். நிழலில் உலர்த்தி மூட்டை கட்டுவார்கள். கடையில் வாங்கும் உரம் ஒரு பெருமழைக்குத் தாங்காது. பாதி வாய்க்காலோடு போய்விடும், பாசிக்குத்தான் தீனி. இந்தக் குருணை அப்படி இல்லை. பயிர் கேட்கக் கேட்கக் கொடுக்கும். அறுவடைக்குப் பிறகும் மண்ணில் இருந்து அடுத்த பயிருக்கும் இடம் பிடித்து வைக்கும்.

ஆனால் ஊறாத கரி வேறு சாதி. அது பட்டினி. காலி அறைகளோடு மண்ணுக்குள் போனால் சும்மா இருக்காது. பயிருக்கென்று மண்ணில் இருக்கிற சத்தையும் இழுத்துத் தன் வீட்டில் பூட்டிக்கொள்ளும். ஆபீஸ்காரப் பெண் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. தொட்டிகளில் ஊறியதெல்லாம் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. தம்பியின் நாற்று நடுகைக்குத் தயார். வாய்க்கால் ஓரத்தில், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும் நிலம் அது. அங்கே தன் கரி வேலை செய்வதைப் பார்த்தால் பிறகு யாரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்று அவளுக்கு ஓர் ஆசை. சலித்து வைத்திருந்த கரியை அப்படியே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போனாள்.

தம்பி ஒரு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்தான்.

"இது ஊறவே இல்லையேக்கா."

"மண்ணுல போய் ஊறிக்கும்டா."

"அந்தப் பொண்ணு பட்டினிக் கரின்னு சொல்லிச்சே."

"அவ படிச்சதைச் சொல்றா. நான் தினமும் கையில பிசையுறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்போ எப்பவும் போடுற உரத்தையாவது கொஞ்சம் போட்டுக்கவா?"

"அதைப் போட்டா இது பண்ணினதுன்னு எவன் நம்புவான்? ஒண்ணும் வேண்டாம். பேசாம நடு."

அவன் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினான். அக்கா சொன்னால் அக்கா சொன்னதுதான் என்று வளர்ந்தவன்.

மழை பெய்தது. மண் கறுத்து அழகாக இருந்தது. கொஞ்ச நாளில் செடிகளின் அடி இலைகள் வெளுத்தன. வெளுப்பு மஞ்சளாகி, ஏணியில் ஏறுவதுபோல் ஒவ்வோர் இலையாக மேலே ஏறியது. சுற்றிலும் எல்லா வயலும் பச்சை. நடுவில் இந்த ஒரு துண்டு மட்டும் காய்ச்சல்காரன் முகம்போல இருந்தது. அவள் ஓடிப்போய்க் கரைசலைச் சுமந்து ஊற்றினாள். டிரைவர் லாரியையே வரப்புவரை கொண்டுவந்தார். ஊற்றியதையெல்லாம் கரி குடித்தது. செடிக்கு வந்து சேரவில்லை.

தம்பி கத்தியிருந்தால் தேவலை. அவன் காய்ந்த செடிகளைப் பிடுங்கிக் குவித்த அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அவசரப்பட்டுட்டேக்கா." அதோடு சரி. சாப்பாட்டு நேரத்தில் டிரைவரின் நக்கலெல்லாம் தட்டில் விழுந்து அங்கேயே கிடந்தது. நிலத்தைப் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கடல் தாண்டி ஒரு கிடங்கில் வேலை தேடிக்கொண்டான். பனி இறங்கிய காலையில் அவன் தோளில் பையோடு வந்து நின்ற கதை அதுதான்.

*

போன பிறகு அவன் டிரைவருக்கு எப்போதாவது போன் செய்வான். "மாமா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்பான். டிரைவர் போனை அவள் பக்கம் நீட்டுவார். அதற்குள் அங்கே ஏதோ வேலை வந்துவிடும், வைத்துவிடுவான். அந்த 'எல்லாரும்' என்ற வார்த்தைக்குள் எங்கோ ஒரு மூலையில் தனக்கும் இடம் இருக்கிறது என்று அவள் எண்ணிக்கொள்வாள்.

பின்னறையை அவள் வாடகைக்கு விடவில்லை. பழைய சாமான் போடவும் விடவில்லை. கூட்டித் துடைத்துச் சன்னலைத் திறந்து வைப்பாள். கொட்டகையிலிருந்து அவள் முந்தானையில் ஏறி வந்த கரித்தூள் அந்த அறையின் வெள்ளைச் சுவரில் மெல்லிய நிழலாகப் படிந்தது. துடைத்தால் போகாது, விட்டால் உறுத்தாது. வெயில் சாயும் நேரத்தில் அது யாரோ சாய்ந்து உட்கார்ந்து எழுந்துபோன தடம்போல் தெரியும்.

மத்தியானங்களில் குருணை மூட்டைகளின்மேல் ஒருக்களித்துப் படுப்பாள். மில்லின் ரம்பம் தூரத்தில் ரீங்கரிக்கும். கண் சொக்கினால் அந்தப் படம் வந்துவிடும். கரித்துண்டுக்குள் அவள் நடந்துகொண்டிருப்பாள். காலடி எதிரொலிக்கும் காலி அறைகள். ஓர் அறையில் ஜன்னல் வழியாக வெளிச்சம் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கும். இன்னோர் அறையில் ஆணியில் ஒரு சட்டை தொங்கும், தம்பியுடையது, இன்னும் ஈரமாக. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அடுத்த அறைக்குப் போவாள், அதற்கும் அடுத்ததற்கு. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நோக்கிப் போகப் போக அறைகள் கூடிக்கொண்டே இருக்கும். பயமாக இருக்காது. நேரம் ஆகும், அவ்வளவுதான் என்று கனவிலேயே தோன்றும்.

"தூக்கத்துல யார்கிட்டக்கா வாடகை பேசுற?" என்று சல்லடை உலுக்கி எழுப்புவாள். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கேட்டுட்டே இருக்க."

வேலையை அவள் விடவில்லை. ஆனால் ஒரு பிடிவாதம் வந்தது. ஊறாத கரி ஒரு கைப்பிடிகூடக் கொட்டகையை விட்டு வெளியே போகாது. மழை மேகம் கூடிய ஒரு நாள் ஓர் ஆள் வண்டியோடு வந்து இறங்கினார்.

"அக்கா, இருபது மூட்டை ஏத்திவிடுங்க."

"ஊறிட்டு இருக்கு. அடுத்த மாசம் வாங்க."

"அதோ அந்த மூலையில இருக்கே?"

"அது வெறும் கரி."

"வெறும் கரியே போதும்க்கா. மழை வருது, மண்ணுல போய் ஊறிக்கும்."

சல்லடை சலிப்பதை நிறுத்திவிட்டாள். கரியக்காவுக்குத் தன் குரலையே யாரோ திருடிக்கொண்டு வந்து தன்னிடமே விற்பதுபோல் இருந்தது.

"உங்களுக்கு அக்கா தங்கச்சி யாராச்சும் இருக்காங்களா?" என்றாள்.

"இருக்காங்க. ஏன் கேக்குறீங்க?"

"பேச்சு வார்த்தை இருக்கா?"

"இருக்குங்க."

"அப்போ அப்படியே இருக்கட்டும். அடுத்த மாசம் வாங்க."

அந்த ஆள் ஒன்றும் புரியாமல் சல்லடையைப் பார்த்தார். "வண்டியத் திருப்புங்கண்ணே, இது ஊறாது" என்றாள் சல்லடை. அவர் போன பிறகு, "வர்ற லட்சுமியைக் கரி பூசி அனுப்புறியே" என்று முணுமுணுத்தாள். ஆனால் மறுநாளே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்: கரியக்காவிடம் அவசரம் என்று போனால் காரியம் ஆகாது. விசித்திரமாக, அதற்குப் பிறகு கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள்.

*

வாய்க்கால் ஓர நிலத்துப் பக்கம் அவள் போகாமல்தான் இருந்தாள். ஒரு தடவை குத்தகைக்காரரே கொட்டகைக்கு வந்தார். ஏதோ சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக் கரைசல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தம்பி நிலத்துல என்னத்தம்மா போட்டு வச்ச?"

"அது... அப்போ தெரியாம..."

"தெரியாமயோ தெரிஞ்சோ. முதல் வருஷம் எனக்கும் சுமார்தான். மாட்டு எரு போட்டேன், அவரைச் செடி போட்டு மடக்கி உழுதேன். இப்போ என் சொந்த நிலத்துல ரெண்டு தண்ணி விட்டா அதுல ஒரு தண்ணி போதும். வந்து பாரு."

வெயில் தாழ்ந்த பிறகு போனாள். வரப்பில் செருப்பை விட்டுவிட்டு இறங்கினாள். மண் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. குனிந்து ஒரு கை அள்ளினாள். கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்து ஓய்ந்த வாசனையோடு இருந்தது. அதற்குள் அவள் அன்று கொட்டிய கரி பொடிப் பொடியாகத் தெரிந்தது. ஒரு துண்டில் மெல்லிய வேர் ஒன்று நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. அறைகளுக்கு ஆள் வந்துவிட்டது. இத்தனை வருஷம் மண்ணே கொஞ்சம் கொஞ்சமாகக் குடி வைத்திருக்கிறது. அவள் கரையில் உட்கார்ந்து இருட்டும்வரை அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்திருந்தாள். வாய்க்கால் தண்ணீர் எதையும் தூக்கிக்கொண்டு போகாமல் வெறுமனே போய்க்கொண்டிருந்தது.

அன்றுதான் தம்பிக்கு முதல் முறையாகச் செய்தி அனுப்பினாள். பெரிதாக எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன, கலெக்டருக்கு மனுவா?" என்றார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: மண்ணு சரியாயிடுச்சு. அன்னிக்கு நீ கேட்டது சரி, நான்தான் அவசரப்பட்டேன்.

அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

"இன்னொரு தடவை போடேன்" என்றார் டிரைவர்.

"வேண்டாங்க. போட்டது உள்ள போகட்டும்."

பதில் வராமலே ஒரு தக்காளிப் பருவம் போனது, இன்னொன்றும் போனது. அவள் கேட்கவில்லை. சல்லடைக்குப் பேத்தி பிறந்தாள். டிரைவர் தலைக்குச் சாயம் அடிப்பதை விட்டார். கொட்டகைக்குப் புதுத் தகரம் வந்தது. பின்னறைச் சன்னல் தினமும் திறந்து மூடியது.

பிறகு ஒரு காலை, அன்றுபோலவே பனி. தொட்டியில் தீ நின்று எரிந்துகொண்டிருந்தது. அவள் முழங்கைவரை சாணிக் கரைசலுக்குள் கையை விட்டுக் கரியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆணியில் மாட்டியிருந்த பையில் போன் ஒலித்தது.

"யாருன்னு பாரு" என்றாள்.

சல்லடை எடுத்துப் பார்த்தாள். போனைக் கரியக்காவின் காதருகே கொண்டுவந்து பிடித்து, விரலால் அழுத்தினாள். பேச்சாக வந்த செய்தி.

முதலில் பேச்சு வரவில்லை. ஒரு சத்தம் வந்தது. கண்ணாடித் துண்டுகளை யாரோ மெல்லக் குலுக்குவதுபோல், கிணுகிணுவென்று. கரியக்காவின் கை கரைசலுக்குள் அசையாமல் நின்றது. நன்றாக வெந்த கரியைக் கையில் அள்ளிக் குலுக்கினால் மட்டுமே அந்தச் சத்தம் வரும். வேகாத கரி கட்டைபோல மொத்தென்று விழும். சத்தம் ஓய்ந்து, கொஞ்சம் காற்று வீசி, அதற்குப் பின்னால் தம்பியின் குரல் வந்தது. கொஞ்சம் தடித்துப்போன குரல்.

"அக்கா, கேட்டுச்சா? இங்க ஒரு டிரம்முல நானே சுட்டேன். சரியா வெந்திருக்கா, இன்னும் வேகணுமா? இங்க எல்லாம் மணலு. தண்ணியும் நிக்கல, உரமும் நிக்கல. ரூமுக்குப் பின்னாடி நாலு தக்காளி வச்சிருக்கேன். ஊறாம போடக்கூடாதுன்னு தெரியும். எதுல ஊறப் போடுறது, எத்தனை நாள்னு மட்டும் சொல்லு. இப்போ நீ தீயப் போட்டிருப்ப, சாம்பல் பூத்துடப் போகுது, முதல்ல அதைப் பாரு. அப்புறமா சொல்லு. அவசரமில்ல."